மொட்டை மாடியில் ஒரு சுற்றுப்பாதை

கேள்வி: தியானத்துக்கு உட்கார்ந்தால் ஐந்து நிமிடம்கூட இருக்க முடிவதில்லை. லாபிரிந்த் பாதையில் நடந்தால் மனம் அடங்கும் என்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் 20க்கு 20 அடி இடம் இருக்கிறது. அங்கே வரையலாமா? எப்படி நடப்பது?

பதில்: தாராளமாக வரையலாம். உட்கார முடியாதவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்வேன். இதில் இருப்பது ஒரே பாதை, முட்டுச்சந்து கிடையாது. வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், வந்த வழியே திரும்புவீர்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்ற யோசனையே இல்லாததால், கவனம் காலடியிலும் மூச்சிலும் தங்க இடம் கிடைக்கிறது. பிரான்சின் சார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த பாதைக்கு 11 சுற்றுகள். குறுக்களவு சுமார் 13 மீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 260 மீட்டர் நடை! நம் பக்கத்திலும் பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் சதுரமாக ஒன்று இருக்கிறது.

பலரும் ஏழு சுற்றுக்கு ஆசைப்படுவார்கள். உங்கள் மாடியில் அது அடங்கும், ஆனால் பாதை ஒன்றேகால் அடியாகக் குறுகிவிடும்; கோட்டில் கால் படாமல் பார்ப்பதே வேலையாகிவிடும். மூன்று சுற்றே போதும். இரண்டடிப் பாதை, மொத்த அகலம் 14 அடி.

சாக்பீஸால், ஒவ்வொரு கையும் இரண்டடி நீளமுள்ள கூட்டல் குறி ஒன்று போடுங்கள். அதைச் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாக நினைத்து, நான்கு மூலையிலும் புள்ளி வையுங்கள். மேல் கையின் நுனியை வலது மேல் புள்ளியோடு வளைத்து இணையுங்கள். அதற்கு வெளியே, இடது மேல் புள்ளியிலிருந்து வலது கை நுனிக்கு. பிறகு அதற்கும் வெளியே, மேல்வழியாகவே, இடது கை நுனியிலிருந்து வலது கீழ்ப் புள்ளிக்கு. கடைசியாக இடது கீழ்ப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் சுற்றிக் கீழ்க் கை நுனிக்கு. கோடுகளுக்கு நடுவே எங்கும் இரண்டடி இருக்கட்டும். கீழ்க் கைக்கு இடப்பக்கத் திறப்புதான் வாசல். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம்.

வெயில் ஏறுமுன் வாசலில் நின்று நிதானமாக மூச்சு விட்டு, வழக்கத்தைவிட மெதுவாக நடங்கள். எண்ணம் ஓடினால் அதட்ட வேண்டாம், காலடிக்குத் திரும்பினால் போதும். நடுவில் வேண்டிய மட்டும் நில்லுங்கள். பாதை சிறியது என்பதால் இரண்டு மூன்று முறை போய்வரலாம். ஈரத் தரையில் வேண்டவே வேண்டாம்.

தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால், சிகிச்சையோடு சேர்த்துத்தான் இந்த நடை. அதற்குப் பதிலாக அல்ல. சாக்பீஸ் கோட்டில் சில வாரம் நடந்து, அகலம் ஒத்துவந்த பிறகு பெயின்ட் வாங்குங்கள்.