“மாத்திரை போட்டியா?” என்று இனிமேல் கேட்காதே

இந்த முறை வந்த கடிதங்களில் எச்.ஐ.வி. மருந்து பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை; எந்தப் பக்கத்திலிருந்து எழுதினார்கள் என்பதை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 29 வயது. எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கேரட் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி ஓட்டுகிறான். தினமும் ஒன்பது மணிக்கு போன் போட்டு “மாத்திரை போட்டியாடா?” என்று கேட்பேன். முதலில் “போட்டேன்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது போனையே எடுப்பதில்லை. போன தடவை எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையை எண்ணிப் பார்த்தபோது நிறைய மிச்சம் இருந்ததாம். நான் என்ன செய்வது?
— வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: தங்கச்சி, அந்த ஒன்பது மணி போனை இன்றோடு நிறுத்திவிடு.

அந்த நேரத்தில் உன் தம்பி எங்கே இருப்பான் என்று யோசித்துப் பார். லோடு ஏற்றுகிற இடத்தில் நான்கு பேர் சுற்றி நிற்பார்கள். இல்லையென்றால் பக்கத்து சீட்டில் கிளீனர் இருப்பான். அங்கே அவனால் “இன்னும் போடலை” என்று சொல்ல முடியுமா? “என்ன மாத்திரைண்ணே?” என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். அதனால் “போட்டேன்” என்கிறான். தினமும் அக்காவிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வேதனையில்தான் இப்போது போனை எடுப்பதில்லை. உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை.

ஆலோசகராக நான் இருந்த காலத்தில், மாத்திரை தவறியவர்களில் அக்கறை இல்லாதவர்கள் குறைவு. டப்பாவை வைக்க இடம் இல்லாதவர்களே அதிகம். முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெரிய டப்பா உன் வீட்டில் இருக்கட்டும். மூன்று நான்கு நாளைக்கு வேண்டியதை மட்டும் மூடி இறுகிய சின்ன டப்பியில் போட்டு, சத்தம் வராமல் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கொடு. நம் மலையில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் எல்லாமே நமத்துப்போகும். அதனால் பெரிய டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வைத்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதே.

அடுத்து நேரம். ராத்திரி ஒன்பது மணி என்று யார் சொன்னார்கள்? முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும் என்பதால் படுக்கப்போகும்போது போடச் சொன்னோம். அந்தப் பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. இப்போது பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். பகலிலும் போடலாம். சிலருக்கு அதனால் தூக்கம் கெடும். அவர்களுக்குக் காலைதான் நல்லது. ஆகவே அவனிடம் வேறு கேள்வி கேள்: “உனக்கு எந்த நேரம் தோதுப்படும்?” மண்டியில் லோடு இறக்கிவிட்டுத் தனியாக டீ குடிக்கும் நேரம் என்று அவன் சொன்னால் அதுவே சரியான நேரம். அவனுக்கு எந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு தினமும் அதே நேரம்.

குடிப்பானா என்று நீ எழுதவில்லை. “குடித்த அன்று இந்த மாத்திரை ஆகாது” என்ற பேச்சு டிரைவர்கள் நடுவில் ஓடுகிறது. சம்பள நாள், கோயில் திருவிழா என்று வரிசையாகத் தவறுவதற்கு இந்தப் பேச்சு ஒரு காரணம். குடியைக் குறைக்கச் சொல்ல வேண்டியதுதான், அது வேறு பேச்சு. குடித்திருந்தாலும் மாத்திரையை விடக் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாலும், விரதம் இருந்தாலும் அப்படித்தான்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும் நேரத்தில்தான் வைரஸ் மறுபடி பெருகும். பெருகும்போது மருந்துக்கு அடங்காத வகை உண்டாகிவிடலாம். 100க்கு 95 வேளையாவது தவறாமல் போட வேண்டும் என்பது மையங்களில் பார்க்கும் கணக்கு. மாதம் 30 மாத்திரையில் இரண்டு தவறினாலே அதற்குக் கீழே போய்விடும்.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் சென்னைப் பக்கம் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிதான் பெயர் பெற்ற இடம். மலையிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் மருந்து வாங்கி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் காலையும் இரவும் விழுங்கினார்கள். உன் தம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. அவன் ரொம்ப நாள் நல்லபடியாக இருக்க முடியும்; இதை அவனிடம் சொல்.

அடுத்த முறை மையத்துக்கு நீயும் கூடப் போ. மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் டப்பாவைக் காட்ட வேண்டாம். ஆலோசகரிடம் உள்ளதைச் சொன்னால்தான் வழி சொல்ல முடியும். உன் அம்மாவிடமோ அவன் முதலாளியிடமோ நீயாகச் சொல்லிவிடாதே. அவன் சம்மதம் இல்லாமல் அவன் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்திருக்கிறது. போன் போடு, மாத்திரைப் பேச்சு மட்டும் வேண்டாம். சாப்பிட்டாயா, வண்டி எப்படி ஓடுகிறது, ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேள்.

கேள்வி: எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். ரத்தம் கம்மி என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் ஜெலுசில் வாங்கிக் குடிப்பேன். எச்.ஐ.வி. மாத்திரையோடு இதையெல்லாம் சாப்பிடலாமா?
— வாசகி, கூடலூர்

பதில்: அம்மா, கேட்டது ரொம்ப நல்லது. டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரையோடு ஜெலுசில் போன்றவை சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. நீங்கள் தவறாமல் போட்டாலும் பாதி வீணாகிவிடும். எச்.ஐ.வி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில் குடியுங்கள். ஜெலுசிலை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் இந்த மாத்திரை. இரும்புச் சத்து, கால்சியம் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து இதோடு போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி வேண்டும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) கிளம்பும் முன் எச்.ஐ.வி. மாத்திரை, ராத்திரி சோற்றுக்குப் பின் இரும்புச் சத்து என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. நெஞ்செரிச்சல் அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்க்கும் வைரஸ் லோடு பரிசோதனையில் கிருமியே தெரியவில்லை என்று வந்திருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: நிறுத்தக் கூடாது. நீங்கள் தவறாமல் போட்டதால் வந்த முடிவு இது. எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால் வைரஸ் உடம்பின் செல்களுக்குள் ஒளிந்திருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பிவிடும். இந்த நிலையைக் காப்பாற்றினால் தாம்பத்திய உறவில் உங்கள் மனைவிக்குத் தொற்று போகாது. அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடலாமா?
— வாசகர், ஊட்டி

பதில்: வேண்டாம். ஞாபகம் வந்தவுடனே ஒன்று போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும்.

கேள்வி: ஜூலை மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் மருந்துக்கு எப்படிப் போவது?
— வாசகி, பந்தலூர் வட்டம்

பதில்: தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் முன்பே போய் வாங்கிவிடுங்கள். நிலைமை சீராக இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் சேர்த்துத் தருவதுண்டு; மே மாதமே கேட்டுவையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏ.ஆர்.டி. மையத்தோடு சேர்ந்த இணைப்பு மையம் இருந்தால் அங்கே மாற்றித் தரச் சொல்லலாம். அதையும் மீறி மாட்டிக்கொண்டால் மாத்திரை தீரும் முன்பே உங்கள் மையத்துக்குப் போன் செய்யுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.