டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை சாதாரணப் பள்ளியில் படிக்க ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் என்ன பயிற்சி வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சிறப்புக் கல்வி படித்தவள் அல்ல. கேட்டவர் யாரென்று கேள்வியில் இல்லை. அம்மாவாகத்தான் இருப்பீர்கள், வரும் ஜூனில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் விடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆசிரியரையும் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பயிற்சி கொடுக்க வேண்டும். இதுதான் என் பதில். இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பாடம் நடத்தும் முறையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

என் வகுப்புக்கு டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண் குழந்தை வந்தாள். பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறவர், வளர்த்தது ஆச்சி. சேர்க்க வந்த அன்று ஆச்சி சொன்னது, "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், சும்மா இருந்துட்டு வரட்டும்." அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு நாள் பயிற்சி கிடைத்தது. டவுன் சின்ட்ரோம் என்றால் உடலின் செல்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும், அதனால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி உலக டவுன் சின்ட்ரோம் தினம், 1866-இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்தார், 1959-இல் லெஜூன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காரணத்தைக் கண்டறிந்தார். எல்லாம் திரையில் வந்தது, நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை பாப்பா வந்து உட்கார்ந்தபோது அந்த நோட்டில் எனக்கு உதவுகிற வரி ஒன்றுகூட இல்லை. "இந்தக் குழந்தைகளுக்குப் பிடிவாதம் இருக்கும்" என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பினேன்.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சில நாள் உடனே வருவாள், சில நாள் காதிலேயே வாங்க மாட்டாள். அப்போ வேண்டுமென்றே செய்கிறாள், பிடிவாதம்தான் என்று முடிவு கட்டினேன். காற்று வரட்டும் என்று கதவோரம் உட்காரவைத்தேன். ஜூனிலிருந்து ஜனவரி வரை அங்கேதான் இருந்தாள். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஜனவரியில், ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் ஒருவர் புதிதாக வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாப்பாவுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொன்னார். அவள் அசையவில்லை. முன்னால் வந்து அதே குரலில் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், இவ காதப் பாத்தாச்சா?" என்றார். காது மருத்துவரிடம் போனதில் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. இந்தக் குழந்தைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலாக இருப்பதால் இது அடிக்கடி வருமாம். சளி பிடித்தால் கூடும், பிறகு குறையும். ஒரு நாள் கேட்டு ஒரு நாள் கேட்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை சிறப்பாசிரியர் அம்மாவையும் ஆச்சியையும் பள்ளிக்கு வரச் சொன்னார். என்னையும் பாயில் உட்காரச் சொன்னார். நான் உண்மையில் பயிற்சி பெற்றது அன்றைக்குத்தான்.

சட்டையில் ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டு, "பாப்பா, போடு" என்றார். அவள் பேசாமல் இருந்தாள். ஆச்சி கையை நீட்டிவிட்டார். சிறப்பாசிரியர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுக்குள்ள பத்து எண்ணுங்க ஆச்சி" என்றார். "பிள்ள கஷ்டப்படுதுல்லா" என்று ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழோ எட்டோ எண்ணியிருப்போம். அந்தக் குட்டை விரல்கள் பொத்தானைத் தேடிப் போயின. ஒரு தடவை நழுவியது. மறுபடி பிடித்து, விளிம்பை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டு ஆச்சியை நிமிர்ந்து பார்த்தாள். மீதியை இழுத்து முடிக்க மட்டும் ஆச்சி உதவினார். சொன்னது மூளைக்குப் போய் வேலையாக வெளியே வர அவளுக்கு நம்மைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தை வகுப்பில் நான் பறித்தேன், வீட்டில் ஆச்சி பறித்தார். எனக்குத் தனியாக, ஆச்சிக்குத் தனியாகச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் மற்றவர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்போம்.

படிப்பும் அன்றே தொடங்கியது. நான் அதுவரை அ, ஆ என்று வரிசையாகத் திருப்பிச் சொல்லவைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழந்தைகளுக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கடினம், கண்ணால் பார்த்தது நிற்கும். அதனால் சிறப்பாசிரியர் முழுச் சொல்லாக அட்டையில் எழுதினார்: ஆச்சி, ஆடு, தோசை. அட்டையோடு அட்டையைப் பொருத்த வேண்டும். அது வந்த பிறகு, கேட்கும் அட்டையை எடுத்துத் தர வேண்டும். சொல்வது கடைசியில்தான். வாய் வராவிட்டாலும் கை காட்டும். அவள் தவறாக எடுக்கும் முன்பே சரியான அட்டையை அருகில் நகர்த்திவிட வேண்டும், "தப்பு" என்ற சொல்லே வரக் கூடாது. இந்த முறைக்கு ஒரு தகப்பன்தான் காரணம் என்று அவர் சொன்னார். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்பவர், தன் மகள் சாரா சின்ன வயதிலேயே சொல் அட்டைகளை வைத்துப் படிக்கப் பழகியதைப் போர்ட்ஸ்மவுத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு எழுதினாராம். ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான். வீட்டில் ஒரு தகப்பன் கண்டுகொண்டதை ஆராய்ச்சியாளர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஆச்சியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

பாப்பா இப்போது நான்காம் வகுப்பு. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தபோது அவள் அரும்பில் நெடுநாள் இருந்தாள், பிறகு மொட்டுக்கு வந்தாள். சிறு வாக்கியங்களை வாசிக்கிறாள். பேச்சு இன்னும் தெளிவில்லை, கணக்கு ரொம்பக் கஷ்டம். அதிசயம் நடந்ததாக நான் சொல்லவில்லை.

"உங்கள் பள்ளியில் பிள்ளைகள் கொஞ்சம், எங்கள் வகுப்பில் நாற்பத்தைந்து பேர்" என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான், என் வகுப்பில் பத்தொன்பது பேர். நாற்பத்தைந்து இருந்தால் இதில் பாதிகூட என்னால் செய்திருக்க முடியாது. சிறப்புப் பள்ளிகளுக்கு எதிராகவும் நான் எழுதவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. எது உங்கள் பிள்ளைக்குச் சரி என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "இடமில்லை, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று பள்ளி சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறவில்லை. பாப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அந்த அம்மா இரண்டு பஸ் மாறி முகாமுக்குப் போனார். காலை ஏழு மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்குக் கிடைத்தது. அதில் "தற்காலிகம்" என்று போட்டிருந்தது. மறுபடி வயது ஏறியதும் வந்து காட்ட வேண்டுமாம். குரோமோசோம் மூன்றாக இருப்பது வயது ஏறினால் இரண்டாகிவிடுமா? அறிவுத்திறன் அளவு மாறலாம், அதற்காகத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். சரி. ஆனால் அன்றைக்குச் சுற்றாத பீடிக்கு யாரும் கூலி தரப் போவதில்லை.

நீங்கள் ஜூனுக்கு முன்னால் காது, கண், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், அது ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், அந்தக் காகிதத்தின் நகலைப் பள்ளியிலும் கொடுங்கள். விளையாட்டு நேரத்தில் குட்டிக்கரணம் போடவைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லுங்கள். சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். இதை என் பயிற்சியில் யாருமே சொல்லவில்லை. கையெழுத்துப் பழக முழுச் சாக்பீஸ் வேண்டாம், உடைத்த துண்டு கொடுங்கள். விரல் தானாகச் சரியாகப் பிடிக்கும்.

சென்னைப் பக்கம் இருந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே பழகும் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. எங்களைப் போல் தெற்கே என்றால் வட்டார வள மையம்தான். அங்கே போய் உங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். அந்தக் கிழமை நீங்களும், பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் பாட்டியோ அத்தையோ இருந்தால் அவரும், வகுப்பில் வந்து உட்காரலாமா என்று டீச்சரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.