கணிதக் கேள்வி – பதில்: குடும்பத்துக்கு ஒரே நிபந்தனை போதுமா?

கேள்வி: பி-அடிக் வகைக்குறிப்பு (கலோயிஸ் கூட்டத்தின் செயலை பி-அடிக் எண்களாலான அணிகளாகக் காட்டுவது) ஒன்றுக்கு, பி அல்லாத எல் என்ற முதன்மை எண்ணில் 'கிளைபடா' நிபந்தனை போடுகிறோம். அதாவது, சடத்துவக் கூட்டத்தில் (எல்-இல் நடக்கும் கிளைத்தலை அளக்கும் கலோயிஸ் உபகூட்டம்) பூச்சியமாகும் கோஹோமொலொஜி வகுப்புகளை மட்டும் எடுக்கிறோம். இதையே குடும்பம் (ஒரு மாறியோடு சேர்ந்து மாறும் வகைக்குறிப்புகளின் தொகுதி) முழுவதற்கும் போட்டால் என்ன கெடும்?
– வாசகர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: குடும்பத்திலிருந்து தனி உறுப்புக்கு இறங்கும்போது கணக்கு பிசகலாம். பி-அடிக் முழுவெண்களைக் குணகங்களாகக் கொண்ட எக்ஸ் வலுத்தொடர் வளையத்தை எடுங்கள். அதன்மேல் இரண்டு அடிக்காவிகள். சடத்துவத்தின் பிறப்பாக்கி முதலாவதை அசைக்காது. இரண்டாவதுடன் முதலாவதின் எக்ஸ் மடங்கைக் கூட்டும். குடும்பத்தில் அசையாதது முதல் காவியின் திசை மட்டுமே. எக்ஸுக்கு 0 இட்டால் இரண்டுமே அசையா. கூடுதலாக வந்த திசை, சடத்துவத்தின் முதலாம் கோஹோமொலொஜியில் எக்ஸால் பெருக்கப் பூச்சியமாகும் பகுதியிலிருந்து வருகிறது. அத்திசையில் ஃபுரோபீனியஸின் (எல்-ஆம் அடுக்கேற்றலுக்கு ஒத்த கலோயிஸ் உறுப்பு) ஐகன் பெறுமானம் 1 ஆக இருந்தால், கிளைபடாப் பகுதியின் பரிமாணமே ஒன்று கூடிவிடும்.

ஆனால் பயப்பட வேண்டிய புள்ளிகள் சிலவே. பிறப்பாக்கியை ஃபுரோபீனியஸ் எல்-ஆம் அடுக்குக்கு மாற்றுவதால், இரு ஐகன் பெறுமானங்களின் விகிதம் எல் ஆகவே இருக்க வேண்டும். எக்ஸ் = 0 இல் அப்படியொரு கிளைபடா வகைக்குறிப்பு தூயதாக (ஃபுரோபீனியஸின் ஐகன் பெறுமானங்கள் எல்லாம் ஒரே பருமனாக) இருக்க முடியாது. எனவே முதலில் தூய்மையைச் சோதியுங்கள். ஹிடா குடும்பத்தின் (நிறை மாற மாற மட்டு வடிவங்களை இணைக்கும் குடும்பம்) செவ்வியல் புள்ளிகளில் (உண்மையான மட்டு வடிவம் இருக்கும் இடங்களில்) இந்தத் தாவல் வராது.

கேள்வி: பி-யிலேயே புளொக்–கட்டோ நிபந்தனையை (அங்கு கிளைபடா நிபந்தனையின் இடத்தில் வருவது)க் குடும்பத்துக்கு எப்படிப் போடுவது?
– பல்கலைக்கழக மாணவி, வவுனியா

பதில்: நேரடியாகப் போடாதீர்கள். அது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வரையறுக்கப்பட்டது. இடையிலுள்ள பெரும்பாலான புள்ளிகளில் வகைக்குறிப்பு டி ராம் வகையே (அந்நிபந்தனைக்கு வேண்டிய நல்ல வகை) அல்ல. 'சாதாரண'க் குடும்பமானால் (ஹிடா குடும்பம்போல, பி-ஆம் குணகம் பி-யால் வகுபடாதது) கிரீன்பெர்க் வழியில் போங்கள்: கிளைபடா ஈவு ஒன்றைத் தரும் உபபகுதியை எடுத்து, அதன் கோஹோமொலொஜியை நிபந்தனையாக்குங்கள்.

அங்கும் ஒரு பொறி உண்டு. பி = 11 எனில், இராமானுஜனின் டெல்டா வடிவமும் (நிறை 12) 11 ஆம் மட்டத்தின் நிறை 2 வடிவமும் ஒரே ஹிடா குடும்பத்தில் உள்ளன (நிறையும் மட்டமும் மட்டு வடிவத்தின் அடையாள எண்கள்). நிறை 12 இல் உபபகுதியின் முதலாம் கோஹோமொலொஜிக்குப் பரிமாணம் 1, இரண்டாவதற்கு 0. நிறை 2 இல் 11 ஆம் குணகம் சரியாக 1. உபபகுதி வட்டக்கூற்றுச் சிறப்பியல்பாகவே (1 இன் 11-அடுக்கு மூலங்களின் மேலான கலோயிஸ் செயல்) ஆகிவிடுகிறது. பரிமாணங்கள் 2, 1 எனத் தாவுகின்றன. ஆனால் ஒய்லர் சிறப்பியல்பு (பரிமாணங்களை மாறிமாறிக் கூட்டிக் கழித்த தொகை) இரு இடத்திலும் −1 தான். இதனால்தான் நிபந்தனையைத் தனிக் கோஹோமொலொஜிக் கூட்டத்துக்குப் போடாமல் முழுச் சிக்கலுக்கும் (complex: அந்தக் கோஹோமொலொஜிகள் எல்லாம் பிறக்கும் சங்கிலி) போட வேண்டும் என்கிறோம். நெகோவார் 2006 இல் வெளியிட்ட செல்மர் சிக்கல்கள் செய்வது அதையே. என் பார்வையில் இதைத் தவிர்த்துக் குறுக்குவழி தேடுவது வீண் வேலை.

பி-ஆம் குணகம் பி-யால் வகுபட்டால் இந்த உபபகுதியே கிடைக்காது. ரொபா வளையத்தின்மேல் (பி-அடிக் குணகத் தொடர்களின் ஒரு பெரிய வளையம்) முக்கோணப்படுத்தலுக்கு, அதாவது ஒற்றைப் பரிமாணத் துண்டுகளாக அடுக்குவதற்கு, போக வேண்டும்.

கேள்வி: உயர்தரக் கணித மாணவன் இதில் எதையாவது கையால் சரிபார்க்க முடியுமா?
– புதுக்குடியிருப்பு

பதில்: முடியும். டெல்டா என்பது கியூ பெருக்கல் (1 − கியூ^என்) காரணிகளின் (என் = 1, 2, 3, …) 24 ஆம் அடுக்கு. 24 = 2 + 22; மட்டு 11 இல் ஒரு காரணியின் 11 ஆம் அடுக்கு (1 − கியூ^11என்) ஆகிவிடும். அப்போது கிடைக்கும் கியூ பெருக்கல் (1 − கியூ^என்)^2 (1 − கியூ^11என்)^2 காரணிகளே நிறை 2 வடிவம். டெல்டாவின் 2, 3, 5, 7 ஆம் குணகங்கள் −24, 252, 4830, −16744. மற்றதில் −2, −1, 1, −2. 11 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். பிறகு 11 ஆம் குணகமான 534,612 ஐயும் வகுங்கள், மீதி 1.