ராபின் ஹூட் பெயரில் உள்ள இடங்கள்: கேள்வி பதில்

காட்டில் ஒளிந்து வாழ்ந்த கொள்ளைக்காரராகப் பழங்கதைகளில் வருபவர் ராபின் ஹூட். இங்கிலாந்தில் அவர் பெயரைச் சொல்லிக் காட்டும் மரம், கிணறு, கல்லறை பற்றி வந்த கேள்விகள் இவை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும் வருடத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

லெஸ்டர் வாசகர்: ராபின் ஹூட் ஒளிந்திருந்த மரத்தை வெட்டிவிட்டார்களாமே?

அது வேறு மரம். 2023 செப்டம்பரில் வெட்டப்பட்டது, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோரம் நின்ற சைகமோர் மரம். 1991இல் வந்த ஒரு ராபின் ஹூட் படத்தில் தலைகாட்டியதால் அதற்கு ராபின் ஹூட் மரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் நினைப்பது நாட்டிங்ஹாம்ஷயரின் ஷெர்வுட் காட்டில், எட்வின்ஸ்டோ கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள மேஜர் ஓக். ஹேமன் ரூக் என்ற ராணுவ மேஜர் 1790இல் அதைப் பற்றி எழுதினார், அதனால் அந்தப் பெயர். கிளைகளுக்கெல்லாம் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்து மண் இறுகி, மழைநீர் வேருக்கு இறங்காமல் போனது. அதனால் 1970களில் வேலி போட்டார்கள். வயது 800 முதல் 1,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. 800 என்று வைத்துக்கொண்டால், ராபின் வாழ்ந்ததாகச் சிலர் சொல்லும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெறும் கன்று. அதற்குள் யார் ஒளிவது?

ஹாரோ வாசகி: அவர் நிஜமாகவே வாழ்ந்தாரா?

1226ஆம் ஆண்டு யார்க்‌ஷயர் அரசுக் கணக்கேட்டில் ராபர்ட் ஹாட் என்ற தலைமறைவுக் குற்றவாளி வருகிறார். கதையில் வருபவர் அவர்தானா என்பதற்குச் சான்று இல்லை.

லீட்ஸ் வாசகர்: கர்க்லீஸ் கல்லறைக்குக் குழந்தைகளோடு போகலாமா?

அனுமதி வாங்காமல் போகாதீர்கள், அது தனியார் நிலம். அங்கிருந்த மடத்தின் தலைவி வைத்தியம் என்ற பேரில் ரத்தம் வடிய விட்டே ராபினைக் கொன்றாள் என்பது கதை. சாகும்போது ஜன்னல் வழியாக அம்பு எய்து, அது விழுந்த இடத்தில் தன்னைப் புதைக்கச் சொன்னாராம். கல்லில் 1247 என்ற வருடம் இருக்கிறது. அந்த வாசகத்தின் ஆங்கிலமோ பிற்காலத்தில் யாரோ பழமை போலப் புனைந்தது. பலகைக்குச் சொன்னது கல்லுக்கும் பொருந்தும்.

ராபினின் கூட்டாளி லிட்டில் ஜானின் கல்லறை என்றால் டெர்பிஷயரில் ஹேதர்சேஜ் தேவாலயத் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே தடை ஏதும் இல்லை.

நாட்டிங்ஹாம் வாசகர்: யார்க்‌ஷயர்காரர்கள் எங்கள் ஆளைத் திருடப் பார்க்கிறார்கள். ஷெரிஃப் எந்த ஊர்க்காரர், சார்?

கதையில் ராபினைத் துரத்தும் அதிகாரியான ஷெரிஃப் உங்கள் ஊர்தான். ஆனால் பழைய நெடும்பாட்டான ‘கெஸ்ட்’டில் ராபின் இருப்பது யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்டேலில். சாப்பாட்டுக்கு ஒரு விருந்தாளியைப் பிடித்து வா என்று லிட்டில் ஜானை அவர் அனுப்பும் ‘சேலிஸ்’ என்ற மேடு வென்ட்பிரிட்ஜ் பக்கத்தில் இருந்த உண்மையான இடம். வடக்கே போகும் நெடுஞ்சாலை அங்கிருந்து நன்றாகத் தெரியும். வழிப்பறிக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பாட்டில் வரும் அரசர் எட்வர்ட். ரிச்சர்ட் அரசரின் காலத்தோடு ராபினை முடிச்சுப் போட்டது 1521இல் எழுதிய ஒரு வரலாற்றாசிரியர்.

அதே வாசகர்: ஷெர்வுட்டைச் சொல்லும் பழைய வரி ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. ‘ராபின் ஹூட் ஷெர்வுட்டில் நின்றான்’ என்ற வரி லிங்கன் தேவாலயக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கிடைத்தது, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் கவிஞர் பார்ன்ஸ்டேலைச் சொல்கிறார். அதோடு 1422 நிலப் பத்திரம் ஒன்றில் பார்ன்ஸ்டேல் பக்கத்தில் எல்லைக் குறியாக ‘ராபின் ஹூட் கல்’ வருகிறது. பாட்டைக் கேட்டு யாரும் வயலின் எல்லையை எழுத மாட்டார்கள். ஊரில் ஏற்கெனவே புழங்கிய பெயராக இருந்திருக்க வேண்டும். என் ஓட்டு யார்க்‌ஷயருக்குத்தான்.

ஷெஃபீல்ட் வாசகி: அப்படிச் சொல்லுங்கள்! விமான நிலையத்துக்கே அவர் பெயர் வைத்தோமே.

டான்காஸ்டர் பக்கத்தில் 2005இல் வைத்தீர்கள், 2016இல் நீங்களே எடுத்தீர்கள். அதெல்லாம் சான்று ஆகாது, அம்மா.

பர்மிங்ஹாம் வாசகர்: ராபின் ஹூட் உண்மையா, கதையா?

மேலே ஹாரோ வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டான்காஸ்டர் வாசகர்: ஏ1 சாலையோரம் இருக்கும் ராபின் ஹூட் கிணறு?

1710 வாக்கில் வான்பரோ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கல் மண்டபம் அது. கல்லெல்லாம் வழிப்போக்கர்கள் செதுக்கிய பெயர்கள். ஆனால் குனிந்து தண்ணீரைத் தேடாதீர்கள். 1960களில் சாலையை அகலப்படுத்தியபோது மண்டபத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள், கிணறு அங்கே இல்லை. வண்டிகள் பறக்கும் சாலை, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

லண்டன் வாசகர்: அவர் நிஜமாகவே இருந்தாரா, சார்?

ஹாரோ. மேலே.

யார்க் வாசகி: ராபின் ஹூட்ஸ் பே போகலாமா? அவருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நம்பும்படியான சம்பந்தம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஊர் அழகு, தாராளமாகப் போங்கள். கடல் ஏறும் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறிவிட்டால் கடற்கரையில் மாட்டிக்கொள்வீர்கள்.