பனி உருகிய பிறகும் ஜோசிஸ் ரிட்ஜ் ஏன் மூடியிருக்கிறது?

வணக்கம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஊரில் ஜோசிஸ் ரிட்ஜ் மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில் பனி உருகிவிட்டது, ஒரு எல்க் மான்கூடத் தென்படவில்லை, நாயோடு ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மான்களைக் காக்க அங்கே மனித நடமாட்டத்துக்குத் தடை; பனி போனாலும் தேதி மாறாது. மார்ச், ஏப்ரல்தான் மான்களுக்கு மிக மோசமான காலம். கோடையில் சேர்த்த கொழுப்பு கரைந்திருக்கும், புதுப்புல் போதிய அளவு முளைத்திருக்காது, வயிற்றில் வேறு கன்று. உங்கள் கண்ணில் படும் முன்பே நாயின் வாடையை உணர்ந்து ஆழ்பனிக்குள் ஓடும். அந்த ஓட்டத்தில் போகும் சக்தியை ஈடுகட்ட அங்கே தீனி கிடையாது.

பாவம் பார்த்துத் தானியமோ தீவனமோ வைத்துவிடாதீர்கள். காய்ந்த புல்லுக்கும் குச்சிக்கும் பழகிய இரைப்பையில் திடீரென மாவுச்சத்து சேர்ந்தால் அமிலம் ஏறி மான் செத்துப்போகலாம்.

நடக்கத்தானே வேண்டும்? கேஷ் கிரீக் முதன்மைப் பாதை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். நாயைக் கயிற்றில் பிடியுங்கள், பக்கச் சரிவில் ஏறாதீர்கள். உதிர்ந்த மான்கொம்பு பொறுக்குவதும் மே 1 முதல்தான். வயோமிங்வாசி இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.