வலிக்காத கட்டியைக் காட்டணுமா?

கேள்வி: எனக்கு 43 வயசு, டாக்டர். குளிக்கும்போது மார்புல பட்டாணி சைஸ்ல ஒரு கட்டி தட்டுப்படுது, வலியே இல்ல, விட்டுடுன்னு மாமியார் சொல்றாங்க. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தா கதிர்வீச்சு ஆபத்துன்னும் பயமுறுத்துறாங்க.
- வாசகி, தேனி

பதில்: வலி இல்லன்னு விட்டுடக் கூடாதும்மா, புற்றுக்கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. அதுக்காக இப்பவே அழுதுட்டு உக்காராதீங்க, இப்படித் தட்டுப்படுறதுல நிறைய சாதாரணக் கட்டியாவோ நீர்க்கட்டியாவோதான் இருக்கும், ஆனா தடவிப் பாத்து மட்டும் யாராலயும் (நானும் சேத்துதான்) உறுதியா சொல்ல முடியாது, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, தேவைப்பட்டா ஊசியில கொஞ்சம் சதை எடுத்து லேப்ல பாக்குற பயாப்சி பண்ணித்தான் சொல்லணும். மேமோகிராம்ல கதிர்வீச்சு ரொம்ப கம்மி, இயற்கையா 2 மாசத்துல நம்ம மேல படுற அளவுதான். மேமோகிராம் நார்மல்னு வந்தாலும் கட்டி இருந்தா விட்டுடாதீங்க. மாமியாரையும் செக் பண்ணக் கூட்டிட்டுப் போங்க, வயசு ஏற ஏறத்தான் மார்பகப் புற்று ரிஸ்க் கூடும்.