பழைய படச்சுருளைக் காக்கும் தொழிலுக்கு எந்தப் பட்டம் படிக்கலாம்?

மதிப்புக்குரிய அம்மா,

உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் உங்கள் மகன், பொறியியலும் வேண்டாம், கணினியும் வேண்டாம், பழைய திரைப்படங்களை மீட்டெடுக்கும் வேலைக்கே போவேன் என்று சொல்வதாகவும், வீட்டார் அதைச் சினிமாப் பைத்தியம் என்றே எடுத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். படம் எடுக்கும் தொழிலோடு இதைச் சேர்த்து எண்ணுவதால்தான் அந்தப் பயம் வருகிறது. இந்த வேலையின் பெரும்பகுதி ஆய்வுகூடத்திலும், குளிரூட்டிய களஞ்சிய அறையிலும், கணினித் திரையின் முன்னும் நடப்பது; மகன் இதுவரை படித்த இரசாயனவியலும் பௌதிகவியலும் அதில் நாள்தோறும் பயன்படும்.

எப்படி என்று சொல்கிறேன். 1950களின் தொடக்கம்வரை திரையரங்குப் படச்சுருள்கள் நைட்ரேட் என்ற பொருளால் செய்யப்பட்டன. எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிட்டு நீருக்கடியிலும் எரியக்கூடியது அது. அதற்குப் பதிலாக வந்த அசிட்டேட் எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடத்தில் சிதைந்து அசற்றிக்கமிலத்தை வெளிவிடும், அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். டப்பாவைத் திறந்தவுடன் வினாகிரி மணம் வந்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது, இனிச் சுருங்கி வளையும் என்று கொள்ளலாம். எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அறிய, நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும் ஒரு சிறு சோதனைத்தாளை டப்பாவுக்குள் வைப்பார்கள். கொழும்பின் காலநிலையில் ஒரு சுருளைச் சாதாரண அறையில் வைத்திருப்பது அதை மெல்ல அழிப்பதற்குச் சமம் என்பதை, அமில கார அத்தியாயத்தைப் படித்த எந்த மாணவனும் விளங்கிக்கொள்வான்.

இழப்பு நமக்குப் புதிதன்று. 1925இல் இலங்கையில் தயாரான மௌனப்படமான ராஜகீய விக்கிரமய இன்று இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமாகக் கருதப்படும் நடராஜ முதலியாரின் கீசக வதமும் இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸும் இல்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இந்நாட்டுத் திரைப்படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. மறுபுறம், சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் நிதானய 2013இல் இத்தாலியின் பொலோஞா நகர ஆய்வுகூடத்தில் மீட்டெடுக்கப்பட்டது. சுமித்திரா பீரிஸ் 1978இல் எடுத்த கெஹெனு லமாய், மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்ததால் 2025இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களுக்கு இப்படி உழைக்க ஆட்கள் தேவை என்பது என் தனிப்பட்ட எண்ணம். மகனின் ஆசையை நான் இலேசாக ஒதுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கணினி வேண்டாம் என்று மகன் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கிழிந்த ஓரத் துளைகளைக் கையால் ஒட்டிச் சுருளைக் கழுவிய பிறகு, ஒவ்வொரு சட்டமும், அதாவது சுருளிலுள்ள ஒவ்வொரு தனிப்படமும் (ஃபிரேம்), ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினிக்கே வருகிறது. அங்கே தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் மென்பொருளை அப்படியே ஓடவிட்டால், ஒரு சட்டத்தில் மட்டும் தோன்றி மறையும் மழைத்துளியையும் அது தூசியென்று எண்ணி அழித்துவிடும். மௌனப்படத்தில் சிக்கல் இன்னும் கூடுதல்: அந்தக் காலத்துப் படங்கள் ஒரே வேகத்தில் எடுக்கப்படவில்லை, பல படங்கள் விநாடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் வரையில் எடுக்கப்பட்டன, அவற்றை இன்றைய 24 சட்ட வேகத்தில் ஓட்டினால், அழும் தாயும் துள்ளி ஓடுவதுபோலத் தெரிந்து பார்வையாளர் சிரித்துவிடுவார்கள். எந்த வேகம் சரி, இரவுக் காட்சிக்கு ஏற்றிய நீலச்சாயம் எப்படி இருந்தது, காட்சிகளுக்கிடையே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டை தொலைந்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும் என்று தீர்மானிக்க வரலாற்று அறிவும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

ஆகவே முதற்பட்டமாக, கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலைப் பிரதானமாக எடுத்துப் படிப்பதே என் முதல் பரிந்துரை. பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கும் இசட் புள்ளி பொறியியலுக்குப் போதுமானால் அதையும் மறுக்க வேண்டாம், ஸ்கேனர் கருவிகளின் பக்கம் அதற்கும் இடமுண்டு. இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் குறுகிய காலத் திரைப்பட டிப்ளோமாக்களை இப்போது தவிர்த்துவிடுங்கள்; அவை படப்பிடிப்பைக் கற்பிக்கும், பாதுகாப்பை அல்ல. உறவினர்கள் கேட்டால் இரசாயனவியல் படிக்கிறான் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.

சிறப்புப் படிப்பு முதுநிலையில்தான் வரும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலும் நியூயோர்க் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே முதுமாணிப் பட்டங்கள் உள்ளன. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலுள்ள ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 1996 முதல் இதற்கான ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது. புலமைப்பரிசில் இல்லாமல் கடன்பட்டு அனுப்ப வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செலவு குறைந்த வழி, நான் மேலே சொன்ன மும்பை நிறுவனம் சர்வதேசத் திரைப்படச் சுவடிக்கூடச் சம்மேளனத்துடன் சேர்ந்து நடத்தும் குறுகிய பயிலரங்கு. அது 2017இல் சென்னையிலும் நடந்தது.

வருமானத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். திரைப்பட மீட்டெடுப்பாளர் என்ற பெயரில் கொழும்பில் வழக்கமாக விளம்பரமாகும் பதவி கிடையாது. ஆனால் ஒலிநாடாவையும் ஒளிநாடாவையும் எண்ணிமமாக்கும் வேலை, தொலைக்காட்சி நிலையங்களின் களஞ்சியம், படத்தொகுப்புக்குப் பிந்திய நிறத்திருத்தம், சுவடிக்கூடம், நூலகம் ஆகியவற்றில் இதே திறன் செல்லுபடியாகும். அதனால் முதற்பட்டத்துக்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தின் முதுநிலைக் கற்கை ஒன்றையும் இரண்டாவது வழியாக வைத்திருப்பது நல்லது.

பெறுபேறு வரும்வரை மகன் சும்மா இருக்கத் தேவையில்லை. பழைய பத்திரங்களும் படப்பெட்டிகளின் குறிப்புகளும் பெரும்பாலும் சிங்களத்தில் இருப்பதால், வாசிக்கும் அளவுக்காவது சிங்களத்தை இப்போதே திருத்திக்கொள்ளட்டும். வீட்டிலோ உறவினரிடமோ பழைய குடும்பப் படச்சுருளோ வீடியோக் கசெட்டோ இருந்தால், அவற்றில் என்ன இருக்கிறது, எந்த ஆண்டினது, எந்த நிலையில் உள்ளது என்று ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். ஓட்டிப் பார்க்க மட்டும் அவசரப்பட வேண்டாம், சுருங்கிய சுருள் கருவியில் கிழிந்துவிடும். அந்தப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்துவதற்கு முன் இருவரும் என்னிடம் ஒருமுறை வாருங்கள்.